எங்கள் லாண்டரியில் மாதத்துக்கு நான்கு ஏகாதசி

பெருமதிப்புக்குரிய தாய்மாமா அவர்களுக்கு,

எங்கள் லாண்டரியில் வேலை செய்யும் பதினெட்டுப் பேருடைய மதியச் சோற்றைத் திருடியவர் நீங்கள்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நலம் விசாரித்துவிட்டு அப்புறம் திட்டினால், விசாரித்தது பொய்யாகிவிடும். இனி முறைப்படி எழுதுகிறேன். நான் நலம். அம்மா நலம். அத்தையின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். தங்கள் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? இந்தக் கேள்வியில் பாதி பாசம், பாதி சந்தேகம். இத்தனை வருடமாகத் திதி கணித்து ஒரு தினசரிக் காலண்டருக்கு எழுதிக் கொடுத்தவருக்குக் கண்ணில் புரை வளர்ந்திருந்தது என்றால், அவர் வானத்தில் பார்த்தது ஒரு சந்திரனா இரண்டு சந்திரனா என்று கேட்கும் உரிமை சோறு இழந்தவனுக்கு உண்டு. வானத்தைப் பார்த்துக் கணிப்பதில்லை, வாய்பாட்டைப் பார்த்துத்தான் கணிக்கிறேன் என்பீர்கள். அது இன்னும் மோசம்.

இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் நீங்கள்தான் என்பதை நான் மறக்கவில்லை. மறந்தாலும் அம்மா விடமாட்டாள். விடுதிகளின் படுக்கை விரிப்பு, ஆஸ்பத்திரித் துணி, கல்யாண வீட்டுக்காரர்களின் பட்டு, எல்லாம் எங்களிடம்தான் வெளுக்க வருகின்றன. வருகிற மூட்டையைப் பிரித்து ஒவ்வொரு துணியிலும் அடையாளச் சீட்டு குத்துவதும், வெளுத்துப் போகிற மூட்டைக்கு முகவரிச் சீட்டு குத்துவதும் என் வேலை. சம்பளம் இவ்வளவுதான், ஆனால் மதியச் சோறு உண்டு என்று சொல்லித்தான் முதலாளி எங்களைச் சேர்த்தார். நீங்களும் பக்கத்தில் நின்று "சோறு போடுற இடம்டா, கண்ணை மூடிக்கிட்டுச் சேர்ந்துக்கோ" என்றீர்கள். நானும் மூடினேன். பாய்லருக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட அடுப்படியில் சமையல் அக்கா ஒற்றை ஆளாக எல்லோருக்கும் சமைப்பார். சோறு, குழம்பு, ஒரு காய். ருசியைப் பற்றி யாரும் பேசியதில்லை. நீராவியில் காலையிலிருந்து வெந்தவனுக்கு வாயில் ருசி தெரியாது, வயிற்றில் கனம்தான் தெரியும்.

இந்த வருடம் பிறந்தபோது நீங்கள் வந்தீர்கள். முதலாளிக்குப் பரிசாக உங்கள் காலண்டரைக் கொண்டு வந்தீர்கள். கொடுத்துவிட்டுப் போயிருந்தால் அது எங்காவது மேசைக்கடியில் கிடந்து செத்திருக்கும். நீங்களோ ஆணி கேட்டு, சுத்தியல் கேட்டு, ஸ்டூல் மேல் ஏறி, முதலாளி அறைக்கும் அடுப்படிக்கும் நடுவிலுள்ள சுவரில் உங்கள் கையாலேயே மாட்டினீர்கள். ஏன் சரியாக அந்தச் சுவர்? இதைப் பற்றிப் பல நாள் யோசித்தேன். தற்செயலாக மாட்டுகிறவன் எதற்காக ஸ்டூலிலிருந்து இறங்கி, தள்ளி நின்று, நேராக இருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்க்க வேண்டும்?

அடுத்த வாரமே ஆரம்பித்தது. மதிய மணி அடித்து, தட்டை எடுத்துக்கொண்டு போனால் அடுப்படிக் கதவு சாத்தியிருக்கிறது. வாசலில் ஒரு கூடை வாழைப்பழம். சமையல் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி, "இன்னைக்கு ஏகாதசி. முதலாளி விரதம். அதனால அடுப்பு கிடையாது. ஆளுக்கு ரெண்டு பழம் எடுத்துக்கங்க" என்றார்.

பாய்லர்காரர் கேட்டார்: "அவரு விரதம் இருந்தா என் வயிறு ஏன்மா காயணும்?"

"எனக்கென்ன தெரியும்? சொன்னதைச் சொன்னேன். வேணும்னா நீ உள்ள போய் அவரையே கேளேன்."

"நான் எதுக்குப் போகணும்? இஸ்திரி அண்ணன் போகட்டும், அவர்தான் சீனியர்."

"எனக்குப் பெட்டி சூடா இருக்கு" என்று இஸ்திரி அண்ணன் நகர்ந்துவிட்டார். மடிப்பு மேசைப் பெண்களுக்கு அந்த நிமிடமே மடிக்க வேண்டிய துண்டுகள் நினைவுக்கு வந்தன. முதலாளியிடம் கேள்வி கேட்பது என்றால் எங்கள் ஆட்களுக்குத் திடீரென்று வேலையில் அப்படி ஒரு பக்தி வந்துவிடும். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் முதலாளி கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். குற்றம் செய்தவன் திரும்புவது போலத்தான் இருந்தது.

பதினைந்து நாளுக்கு ஒரு ஏகாதசி, சரி, தொலையட்டும் என்று விட்டோம். அப்புறம் பிரதோஷம் சேர்ந்தது. அப்புறம் சஷ்டி. அமாவாசை வந்தால் சந்திரன் இல்லை என்று பட்டினி, பௌர்ணமி வந்தால் முழுதாக இருக்கிறது என்று பட்டினி. இந்த நிலாவை எப்படித்தான் திருப்திப்படுத்துவது மாமா? தேய்ந்தாலும் எங்கள் வயிற்றில் அடிக்கிறது, வளர்ந்தாலும் எங்கள் வயிற்றில் அடிக்கிறது. எங்கள் முதலாளிக்கும் அதற்கும் ஏதோ உறவு இருக்க வேண்டும்.

நான் சும்மா இருக்கிறவன் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் மோசடியை ஆதாரத்தோடு பிடிக்க வேண்டும் என்று மளிகைக்கடையிலிருந்து இன்னொரு காலண்டர் கேட்டு வாங்கி வந்து உங்களுடையதற்குப் பக்கத்திலேயே மாட்டினேன். பிடித்தும் விட்டேன். உங்களுடையது திருக்கணிதப் பஞ்சாங்கம், அது வாக்கியப் பஞ்சாங்கம். நீங்கள் ஏகாதசி என்று அச்சடித்த நாளை அந்தக் காலண்டர் தசமி என்கிறது. அதில் ஏகாதசி மறுநாள்! இருக்கிற ஒரு நிலாவுக்கு இரண்டு கணக்கு! எனக்கு வந்த ஆத்திரத்தில் காலண்டர் முன்னாலேயே நின்று கத்தினேன். முதலாளிக்கு டீ எடுத்துக்கொண்டு சமையல் அக்கா அந்த வழியாக வந்தார். பொடி எழுத்து அவர் கண்ணுக்குப் பிடிபடாது என்பதால் தினமும் காலையில் "இன்னைக்கு என்ன திதி தம்பி?" என்று கேட்பார், நானும் படித்துச் சொல்வேன். நம் பக்கத்துக்கு ஒரு சாட்சி வேண்டுமே என்று அவரைக் கூப்பிட்டு, இரண்டு தாளையும் விரலால் தொட்டுக் காட்டி விளக்கினேன்.

"பாருங்கக்கா, இதுல இன்னைக்கு ஏகாதசி. இதுல நாளைக்கு. எப்படி ஏமாத்துறாங்க பாருங்க."

"அட! அப்ப எது தம்பி நிஜம்?"

"ரெண்டும் பொய்க்கா."

"ரெண்டும் இருக்குன்னு சொல்லு" என்றபடி அவர் யோசனையோடு டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பாவம், படிக்காத மனுஷிக்கு இந்தச் சூது எங்கே புரியப்போகிறது என்று நினைத்தேன். அன்றைக்கு அடுப்பு எரியவில்லை. மறுநாளும் எரியவில்லை. "நேத்து ஒரு கணக்கு, இன்னைக்கு இன்னொரு கணக்கு. முதலாளி ரெண்டையும் விடமாட்டேங்கிறார், நான் என்ன பண்ணட்டும்?" என்று கையை விரித்தார் அக்கா. அன்றுமுதல் எங்கள் லாண்டரியில் மாதத்துக்கு நான்கு ஏகாதசி. உலகத்தில் எங்குமே நடக்காத அதிசயம் இது. இரண்டு கணக்கும் ஒத்துப்போகிற மாதத்திலும் தப்ப முடியவில்லை. உங்கள் தாளின் அடியில் "சிலருக்கு நாளை" என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்கள் பாருங்கள், அதையும் அக்காவுக்குப் படித்துக் காட்டி "இது அதைவிட அயோக்கியத்தனம்" என்று சொன்னேன். யார் அந்தச் சிலர் மாமா? எங்களைப் பார்த்தால் சிலர் மாதிரியா இருக்கிறது?

இது எப்படி நடக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு நாளாகவில்லை. உங்கள் வேட்டிகள் எங்களிடம்தான் வெளுக்க வருகின்றன. சீட்டு குத்துகிறவன் நான், எனக்குத் தெரியாமல் எது போகும்? கரைபோட்ட வேட்டி, சால்வை, அத்தையின் தலையணை உறை, எல்லாம் ஓசியில். முதலாளி சிரித்த முகத்தோடு "மாமா துணிடா, பார்த்துப் பண்ணு" என்கிறார். விரத நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேட்டி என்று பேசிவைத்திருக்கிறீர்களா, மொத்தமாகவா? திதிக்கும் ஷிப்ட் போட்டுக் கொடுத்தது நீங்கள்தானே! காலை எட்டேகால் வரை தசமி, அப்புறம் ஏகாதசி என்று எழுதுகிறீர்கள். எட்டேகாலுக்குச் சந்திரன் கார்டு அடித்து உள்ளே வருகிறதா? எட்டு மணிக்கு வேலைக்கு வந்தவன் தசமியில் சாப்பிடலாம், எட்டரைக்கு வந்தவன் பட்டினியா? இதை நான் இஸ்திரி அண்ணனிடம் கேட்டபோது அவர், "தம்பி, பசியில என்னைச் சிரிக்க வைக்காதே, வயிறு பிடிச்சுக்குது" என்றார்.

போன வாரம் நடந்ததைக் கேளுங்கள். புதன் உங்கள் ஏகாதசி, வியாழன் மளிகைக்கடை ஏகாதசி, வெள்ளி பிரதோஷம். மூன்று நாளும் வாழைப்பழம். மூன்றாம் நாள் மதியம் இஸ்திரி அண்ணன் ஒரு மாப்பிள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டே நின்றபடி கண் அசந்துவிட்டார். பெட்டி சட்டை முதுகில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. புகை வந்த பிறகுதான் மடிப்பு மேசை அக்கா பார்த்து "ஐயோ" என்று கத்தினார். அந்தச் சத்தத்தில் பாய்லர்காரர் நீராவி வால்வை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். கூடம் முழுக்கப் புகையா ஆவியா என்று தெரியவில்லை, யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியவில்லை. அந்த மூட்டத்தில் நான் விடுதி மூட்டைக்குக் குத்த வேண்டிய சீட்டை ஆஸ்பத்திரி மூட்டைக்கும் ஆஸ்பத்திரிச் சீட்டை விடுதி மூட்டைக்கும் குத்தி அனுப்பிவிட்டேன். மாலையில் விடுதி மேலாளர் போன் பண்ணுகிறார். தேனிலவுக்கு வந்த ஜோடியின் தலையணையில் "ஆண்கள் பிரிவு, எலும்பு முறிவு" என்று முத்திரை இருக்கிறதாம். அந்தப் பெண் அழுதுகொண்டு அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்கிறாளாம். இதெல்லாம் யார் பாவக் கணக்கில் ஏறும்? உங்கள் காலண்டரில் பாவத்துக்கு ஏதாவது கட்டம் இருக்கிறதா?

இன்று உங்கள் சஷ்டி, மறுபடியும் வாழைப்பழம். இனிப் பொறுக்க முடியாது என்று நான் கதவைத் தட்டாமலேயே முதலாளி அறைக்குள் போனேன். போய் என்ன பார்த்தேன் தெரியுமா? மேசை இழுப்பறை பாதி திறந்திருக்கிறது. உள்ளே பிஸ்கட் பாக்கெட். முதலாளியின் இரண்டு கன்னமும் உப்பியிருக்கிறது. என்னைப் பார்த்ததும் முழங்காலால் இழுப்பறையைச் சாத்தி, தண்ணீரைக் குடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். மீசையில் பிஸ்கட் தூள்.

"விரதம் எல்லாம் எப்படி சார் போகுது?" என்று கேட்டேன்.

"நல்லா... நல்லாத்தாம்பா போகுது" என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே, "உங்களுக்கு?" என்றார்.

அந்த "உங்களுக்கு"வில் எவ்வளவு நக்கல் என்று பாருங்கள் மாமா. பட்டினி போட்டவனே பட்டினி கிடப்பவனிடம் சௌக்கியமா என்று கேட்கிறான். ஊருக்கு விரதம், தனக்கு பிஸ்கட். விரதம் என்பது இருக்கிற சோற்றை மனமாரத் தள்ளிவைப்பது என்று சின்ன வயதில் நீங்கள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். தட்டு ஒருவனுடையது, தள்ளுகிற கை இன்னொருவனுடையது என்றால் அதற்குப் பெயர் என்ன? இன்று மாலை எல்லோர் முன்னாலும் முதலாளி என்னைப் பார்த்து, "நாளைக்குக் காலையில வந்து என்னைப் பாரு" என்றார். தலையணை விவகாரத்துக்கும் பிஸ்கட்டைப் பார்த்ததற்கும் சேர்த்துக் கணக்கு முடிக்கப் போகிறார். என் வேலை போகும். போகட்டும். ஆனால் போவதற்கு முன் உண்மையை உடைத்துவிட்டுத்தான் போவேன். எனவே இந்தக் கடிதம் கண்டவுடன், இரண்டில் எது நிஜ ஏகாதசி என்றும், மற்றது புளுகு என்றும், துணி துவைக்கிறவர்களுக்கு எந்த விரதமும் கிடையாது என்றும் தங்கள் கைப்பட எழுதி அனுப்ப வேண்டியது. அனுப்பாவிட்டால் தங்கள் அடுத்த வேட்டி மூட்டைக்கு நான் குத்தப்போவது எந்தச் சீட்டு என்று சொல்லமாட்டேன்.

அத்தைக்கு என் வணக்கம். முழங்காலுக்கு எண்ணெய் போடச் சொல்லவும். அம்மா தங்களைக் கேட்டதாகச் சொன்னாள். இந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது, சொல்ல வேண்டாம். பெரியவர்களான தங்கள் இருவரின் ஆசியையும் காலில் விழுந்து வேண்டுகிறேன். விழுவது ஆசிக்காக மட்டும், மன்னிப்புக்காக இல்லை.

அன்பும் சந்தேகமும் குறையாத,
தங்கள் மருமகன்

பின்குறிப்பு: மாமா, மேலே உள்ளதை எல்லாம் கிழித்துப் போட்டுவிடுங்கள். நான் கிழித்திருப்பேன், ஆனால் வேட்டி விஷயம் உண்மைதானே, அதனால் மனம் வரவில்லை. தபாலில் போடுவதற்கு முன் முதலாளியைப் பார்த்துவிட்டு வந்தேன். கதவைச் சாத்தச் சொன்னார். உட்காரச் சொன்னார். வேலையிலிருந்து நிறுத்தும்போது உட்காரவைத்துத்தான் நிறுத்துவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அதனால் நுனியில் உட்கார்ந்தேன்.

"தப்பா நினைச்சுக்காதேப்பா" என்று ஆரம்பித்தார். "உங்க ஆளுங்க விரதத்தைக் கொஞ்சம் குறைச்சுக்க முடியாதா?"

"எங்க விரதமா?"

"பக்தி வேணாம்னு சொல்லலை. ஆனா இத்தனையா? எனக்கு வயித்துல புண்ணுப்பா. வேளைக்குச் சாப்பிடணும்னு டாக்டர் சொல்லியிருக்கார். நீங்க பதினெட்டுப் பேரும் பட்டினி கிடக்கும்போது கண்ணாடிக் கதவுக்குள்ள உட்கார்ந்து நான் மட்டும் சோறு தின்னா நல்லா இருக்குமா? அதான் ஒளிஞ்சு ஒளிஞ்சு பிஸ்கட்."

"நாங்க விரதம்னு யாரு சார் சொன்னது?"

"சமையல்காரம்மாதான். காலையில டீ கொண்டு வரும்போதே சொல்லிடுவாங்களே, இன்னைக்கு எல்லாரும் ஏகாதசி சார், அடுப்பு வேணாங்கிறாங்கன்னு."

எழுந்து நேராக அடுப்படிக்குப் போனேன். இன்றைக்கு மளிகைக்கடைச் சஷ்டி, கதவு சாத்தியிருந்தது. தள்ளினேன். அக்கா தரையில் சாக்கை விரித்துப் படுத்திருந்தார். கவிழ்த்துப் போட்ட சோற்று அண்டாவின் மேல் இரண்டு காலையும் தூக்கி வைத்திருந்தார். கணுக்கால் இரண்டும் என் தொடை பருமனுக்கு வீங்கியிருந்தது. இத்தனை நாளில் நான் அந்தக் காலைப் பார்த்ததே இல்லை. அவர் எழுந்திருக்கவும் இல்லை, பயப்படவும் இல்லை.

"கண்டுபிடிச்சிட்டியா? சரி, கதவைச் சாத்து, ஆவி உள்ள வருது" என்றார். "ஞாயித்துக்கிழமை உங்களுக்கெல்லாம் லீவு. நான் முதலாளி வீட்டுக்குப் போய்ச் சமைக்கணும். வாரத்துல ஒரு நாள் விடுங்க சார், கால் தாங்கலைன்னு எத்தனையோ தடவை கேட்டுட்டேன். நீ வரலைன்னா எல்லாரும் பட்டினிதாம்மா கிடக்கணும்னார். சரி, கிடக்கட்டும்னு விட்டுட்டேன்."

"இத்தனை திதி உங்களுக்கு யாருக்கா சொல்லிக் கொடுத்தா?"

அக்கா தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தார். "தெனமும் படிச்சுச் சொன்னவன் நீதானே தம்பி. ரெண்டாவது ஏகாதசியை விரல் வச்சுக் காட்டினதும் நீதான். நல்லா இருப்பே."

இதைப் பற்றி மேலும் எழுத விருப்பமில்லை. எங்கள் ஆட்களிடம் மட்டும் சொன்னேன். பாய்லர்காரர் முதலில் கெட்ட வார்த்தையில் ஆரம்பித்தார். அக்காவின் கால் வீக்கத்தைச் சொன்னதும் பாதியில் நிறுத்திக்கொண்டார். "அவ படுக்கட்டும்டா" என்றார் இஸ்திரி அண்ணன். "திதியை மட்டும் முந்தின நாளே சொல்லிடு. நாங்க வீட்லேருந்து கட்டிட்டு வந்து பின்னால உட்கார்ந்து சாப்பிட்டுக்கிறோம்."

திரும்பப் போய் முதலாளியிடம், "சமையல் அக்காவுக்கு வாரத்துல ஒரு நாள் லீவு கொடுங்க சார்" என்று கேட்டுப் பார்த்தேன். "அவங்களுக்கு எதுக்குப்பா லீவு? அதான் மாசத்துல பாதி நாள் அடுப்பே எரியலையே" என்கிறார். இவரிடம் நியாயம் பேசுவதும் ஈரத் துணியில் தீ வைப்பதும் ஒன்று. ஆனால் இப்போது அவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. "இத்தனை விரதம் நிஜமாவே இருக்கா? கணக்குப் போடுறது உன் மாமாதானே? அவர் கைப்பட எழுதி வாங்கிட்டு வா, இல்லேன்னா அந்த அம்மாவைக் கூப்பிட்டு விசாரிக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறார். விசாரித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காலோடு அவருக்கு வேறு எங்கே வேலை கிடைக்கும்?

ஆகவே மாமா, திருக்கணிதமும் நிஜம், வாக்கியமும் நிஜம், இரண்டு ஏகாதசியையும் விடக்கூடாது, சிலருக்கு நாளை என்பதில் அந்தச் சிலர் துணி வெளுக்கிறவர்கள்தான் என்று தங்கள் கையெழுத்தோடு உடனே எழுதி அனுப்புங்கள். இது முதல் வேலை. இரண்டாவது, அடுத்த வருடக் காலண்டரில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு விரதம் வேண்டும். முதலாளி வீட்டம்மாவுக்குப் பஞ்சாங்கம் என்றால் பயபக்தி, நீங்கள் அச்சடித்தால் அந்த வீட்டிலும் அடுப்பு எரியாது. சந்திரன் கிழமை பார்த்து வராது என்று எனக்குப் பாடம் எடுக்காதீர்கள். இத்தனை வருடம் எட்டேகாலுக்கும் ஒன்பதரைக்கும் அதை இழுத்துக்கொண்டு திரிந்தவர் நீங்கள், ஒரே ஒரு மனுஷி காலை நீட்டிப் படுக்க அதை ஞாயிற்றுக்கிழமைப் பக்கம் கொஞ்சம் நகர்த்தமாட்டீர்களா?